கயாக்கும் படகுதான்

ஓர்காவைக் கடலில் பார்க்க ஆசைப்படும் யாருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை, 'விசைப்படகில் போகாதே, கயாக்கில் போ' என்பதுதான். எஞ்சின் கிடையாது, டீசல் நாற்றம் கிடையாது, இரைச்சல் கிடையாது. நாமே துடுப்புப் போட்டு மெல்ல நகர்கிறோம். திமிங்கிலத்துக்கு நாம் வந்ததே தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில் அதன் முதுகுத் துடுப்பு எழும்பி அடங்கும். பயண இதழ்கள் இப்படித்தான் எழுதுகின்றன, சுற்றுலா நிறுவனங்கள் இப்படித்தான் விற்கின்றன. சுற்றுச்சூழல் மீது மெய்யான அக்கறை உள்ளவர்களும் இதையே சொல்வதால்தான் இது எல்லோரிடமும் எடுபடுகிறது. கனடாவில் கோடை விடுமுறைக்குத் திட்டம் போடும் நம்மவர்கள் காதிலும் இதுதான் விழுகிறது.

இந்த அறிவுரையில் பாதி சரி. மீதிப் பாதி, சரியான பாதியின் நிழலில் ஒளிந்துகொண்டு பிழைக்கிறது. அதைத்தான் இங்கே வெளியே இழுத்துப் போட வேண்டும்.

சரியான பாதியை முதலில் கொடுத்துவிடுகிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையிலும் அதை அடுத்த அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையிலும் திரியும் 'ரெசிடென்ட்' ஓர்காக்கள் மீன் மட்டுமே தின்பவை. அதிலும் சினூக் சால்மன்தான் அவற்றின் முதல் தேர்வு. இருண்ட தண்ணீரில் 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பி, அது மீனில் பட்டுத் திரும்புவதைக் கேட்டுத்தான் இரை இருக்கும் இடம் பிடிக்கின்றன. படகின் சுழலி இரைச்சல் அந்த எதிரொலியை அமுக்கிவிடும். கயாக்கிடம் அந்தக் குற்றம் இல்லை. இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த இடத்திலிருந்து ஒரு தாவு தாவுகிறார்கள். இரைச்சல் இல்லை, ஆகவே தொந்தரவு இல்லை. தொந்தரவு இல்லை, ஆகவே கிட்டப் போகலாம். நான் மறுப்பது இந்தத் தாவலை. கயாக்கில் போனால் குற்றமில்லை என்ற எண்ணம், விசைப்படகுக்காரன் செய்யத் துணியாததையும் நம்மைச் செய்ய வைக்கிறது.

நேரே இடத்துக்கே போவோம். வான்கூவர் தீவின் வடகிழக்குக் கரைக்கும் பிரதான நிலத்தை ஒட்டிய தீவுகளுக்கும் நடுவே ஜான்ஸ்டோன் நீரிணை ஓடுகிறது. நீளம் நூறு கிலோமீட்டருக்கு மேல், அகலம் பல இடங்களில் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஜூலை முதல் செப்டம்பர் வரை சால்மன் இந்த வழியாக ஆறுகளுக்குத் திரும்பும். அதன் பின்னால் வடக்கு ரெசிடென்ட் ஓர்காக்கள் வரும். அவற்றின் பின்னால் டெலிகிராஃப் கோவ், போர்ட் மெக்நீல் பக்கமிருந்து கயாக்குகள் வரும். உலகில் ஓர்காவுக்காகக் கயாக் எடுக்கிறவர்கள் அதிகம் பேசும் இடம் இதுதான்.

இந்த நீரிணையின் தென்கரையில் ராப்ஸன் பைட் என்று ஒரு சிறு விரிகுடா. அங்கே கரையோரத் தண்ணீருக்கடியில் வழவழத்த கூழாங்கற்கள் கிடக்கின்றன. ஓர்காக்கள் கூட்டமாக வந்து, நுரையீரல் காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டு உடம்பைத் தாழ்த்தி, வயிற்றையும் விலாவையும் அந்தக் கற்களில் தேய்த்துக்கொள்கின்றன. கரையிலிருந்து சில மீட்டர் தூரத்தில், ஆழமில்லாத தண்ணீரில் நடக்கிற காரியம் இது. ஏன் தேய்க்கின்றன என்பதற்குத் திட்டவட்டமான விடை இல்லை. தலைமுறை தலைமுறையாக இந்தக் கூட்டங்களின் வழக்கம் என்பது மட்டும் தெரியும். 1982-இல் அந்த இடம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. கரையில் கால் வைக்க அனுமதி கிடையாது. படகுகள் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும். எதிர்க்கரைக் குன்றின் மேலிருந்து காவலர்கள் கோடை முழுக்கத் தொலைநோக்கியோடு கவனிக்கிறார்கள். எல்லைக்குள் புகும் கயாக்கும் அவர்கள் கணக்கில் ஒரு படகுதான்.

இப்போது கயாக் எங்கே போகும் என்று யோசியுங்கள். பெரிய படகு ஆழமான நடுக்கடலில் நிற்கும். கயாக் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பயந்து கரையை ஒட்டியே போகும். பாதுகாப்புக்கு அதுதான் சரியும்கூட. மீன் ஒதுங்குவதும் கரையோரக் கடற்பாசிக் காட்டை ஒட்டித்தான், ஓர்கா இரை தேடுவதும் அங்கேதான், கல்லில் தேய்ப்பதும் அங்கேதான். விசைப்படகால் நுழையமுடியாத திமிங்கிலத்தின் சமையலறைக்குள்ளேயே கயாக் நுழைந்துவிடுகிறது. பந்தியில் சாப்பிடுகிறவனைச் சுற்றிப் பத்துப் பேர் வாயைத் திறக்காமல் நின்று பார்த்தால் அவனுக்குச் சோறு இறங்குமா? சத்தம் போடவில்லையே என்று அந்தப் பத்துப் பேரும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

வெறும் உவமையோடு விடுகிற விஷயம் இல்லை இது. ராப் வில்லியம்ஸ், டேவிட் லூஸோ, பிலிப் ஹாமண்ட் மூவரும் இதே ஜான்ஸ்டோன் நீரிணை ஓர்காக்களைப் பற்றி 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். படகுகள் அருகில் இருக்கும்போது அவை இரை தேடும் நேரமும் கல்லில் தேய்க்கும் நேரமும் குறைவதைப் பதிவு செய்தார்கள். நீந்துவதில் கூடுதலாகச் செலவாகும் சக்தி பெரிதில்லை. தின்னாமல் போவதால் வரும் இழப்புத்தான் பெரிது, அது உட்கொள்ளும் சக்தியில் 18 சதவீதம்வரை இருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. அதாவது, விலங்கு பயந்து ஓடினால்தான் தொந்தரவு என்று நாம் நினைக்கிறோம். அது ஓடவே இல்லை; சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நகர்ந்தது, அவ்வளவுதான். அந்த நகர்வைத்தான் கயாக்கில் இருப்பவர் 'ஆஹா, நம் பக்கத்தில் வருகிறது' என்று படம் எடுக்கிறார்.

அடுத்து அந்த நிசப்தத்தைப் பற்றி. அது நல்ல குணம் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். பாறைமேல் வெயில் காயும் சீல் கூட்டத்தைக் கேட்டால் வேறு பதில் வரும். விசைப்படகின் வருகை தொலைவிலேயே காதில் விழுந்துவிடும். கயாக் அப்படி இல்லை, பாறை முனையைச் சுற்றித் திரும்பியதும் இருபது அடியில் நிற்கும். குட்டியோடு கிடந்த சீல்கள் மொத்தமாகத் தண்ணீரில் விழும். கயாக் ஓட்டுகிற யாரும் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. இந்தக் கரையில் சீலையும் கடற்சிங்கத்தையும் வேட்டையாடும் 'பிக்ஸ்' வகை ஓர்காக்களும் உண்டு. அவை வாயைக் கட்டிக்கொண்டு, இரையின் சலனத்தைக் காதால் பிடித்து வேட்டையாடுபவை. அந்த வேட்டை நடக்கிற இடத்துக்குள் சத்தமில்லாமல் வந்து சேர்வது எந்த வகையில் மரியாதை என்று எனக்குப் புரியவில்லை.

சட்டம் போடுகிறவர்களுக்கு இந்த மயக்கம் எப்போதோ தெளிந்துவிட்டது. கனடாவின் பசிபிக் கரையில் எந்த ஓர்காவிடமிருந்தும் குறைந்தது 200 மீட்டர் விலகி நிற்க வேண்டும். அழிவின் விளிம்பில் இருக்கும் தெற்கு ரெசிடென்ட் கூட்டத்தின் பகுதிகளில் அதைவிடக் கூடுதல். வாஷிங்டன் மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் அந்தத் தெற்கத்திய ஓர்காக்களிடமிருந்து 1000 கஜம், அதாவது ஏறத்தாழ 914 மீட்டர். இந்த விதிகள் எஞ்சின் இருக்கிறதா என்று கேட்பதில்லை. கயாக்குக்கும் துடுப்புப் பலகைக்கும் சேர்த்துத்தான். வாஷிங்டனில் கயாக் சுற்றுலா நடத்துகிறவர், தெற்கத்திய ஓர்கா அரை கடல் மைலுக்குள் இருந்தால் கயாக்கைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. சான் ஹுவான் தீவிலுள்ள திமிங்கில அருங்காட்சியகம் கயாக் ஓட்டுகிறவர்களுக்கென்றே தனியாக ஒரு பயிற்சித் திட்டம் வகுத்தது. தீங்கே இல்லாத ஒன்றுக்கு இத்தனை ஏற்பாடு எதற்கு?

சரி, 200 மீட்டருக்கு அப்பால் நிற்பதாகவே வைத்துக்கொள்வோம். அப்போது கயாக்கிலிருந்து என்ன தெரியும்? உட்கார்ந்த நிலையில் நம் கண் தண்ணீருக்கு மேல் முக்கால் மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். கடல் கண்ணாடிபோல் கிடந்தாலும் அந்த உயரத்திலிருந்து அடிவானம் மூன்று கிலோமீட்டரில் முடிந்துவிடும். அரை மீட்டர் அலை எழும்பினால் முன்னால் போகும் நண்பனின் தொப்பிதான் தெரியும். ஆண் ஓர்காவின் முதுகுத் துடுப்பு ஆறடிவரை உயரும், ஆகவே அதன் நுனி கண்ணில் படலாம்; குட்டி தாயின் விலாவை ஒட்டி நீந்துவதோ, ஒரு குடும்பம் வரிசையாகப் படுத்து ஒரே நேரத்தில் மூச்சு விட்டு ஓய்வெடுப்பதோ தெரியவே தெரியாது. அதற்கு உயரம் வேண்டும். சான் ஹுவான் தீவின் லைம் கில்ன் முனையில், கலங்கரை விளக்கத்தை ஒட்டிய பாறைமேல் உட்கார்ந்தால் போதும். திமிங்கிலம் பார்ப்பதற்கென்றே பேர்பெற்ற பூங்கா அது. கரையடிக் கடற்பாசியை உரசிக்கொண்டு ஓர்காக்கள் போகிற நாட்களும் உண்டு. கிட்ட வருவதா வேண்டாமா என்பதை அங்கே அவை முடிவு செய்கின்றன. செலவும் கம்மி, நனையவும் வேண்டாம். ஆனால் 'பாறைமேல் உட்கார்ந்து பார்த்தேன்' என்று ஊரில் சொன்னால் எடுபடாது, அதுதான் சிக்கல்.

இனி, எதிர்த்தரப்பின் உயர்ந்த வாதம். 'நேரில், கிட்டத்தில் பார்த்தால்தான் மனிதனுக்கு அன்பு வரும். அன்பு வந்தால்தான் காப்பாற்றுவான்' என்பார்கள். கேட்கும்போது மறுக்கத் தோன்றாது. இந்தக் கரையின் வரலாறு மறுக்கிறது.

2001-இல் லூனா என்ற குட்டி ஓர்கா, தெற்கத்தியக் கூட்டத்திலிருந்து பிரிந்து வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் நூட்கா சௌண்டில் தனியாகத் தென்பட்டது. கூட்டமில்லாத குட்டி, துணைக்குப் படகுகளைத் தேடியது. படகோரம் வந்து தலையை நீட்டியது. ஜனங்கள் திரண்டார்கள், தடவினார்கள், கொஞ்சினார்கள். அரசு விலகி நிற்கச் சொன்னது, கேட்டவர் குறைவு. அங்குள்ள மொவாச்சஹ்ட் மக்கள் மறைந்த தங்கள் தலைவரின் உயிரே அதில் வந்திருப்பதாக நம்பி, 2004-இல் அதைப் பிடித்துக் கொண்டுபோகும் முயற்சியைத் தங்கள் ஓடங்களால் மறித்தார்கள். அவர்களுடைய நம்பிக்கையை நான் பரிகசிக்கவில்லை. லூனாவை வெறுத்தவர்கள் ஒருசிலர்தான், அன்பு செலுத்தியவர்கள்தான் ஏராளம். 2006 மார்ச்சில், பழக்கதோஷத்தால் ஓர் இழுவைப்படகின் அருகே போய், அதன் சுழலியில் சிக்கிச் செத்தது.

ஸ்பிரிங்கர் கதை அதே காலத்தது. தாயை இழந்த இந்த வடக்கத்தியக் குட்டி 2002 ஜனவரியில், தன் கடலை விட்டுப் பல நூறு கிலோமீட்டர் தெற்கே, சியாட்டிலை அடுத்த கடலில் நோயோடு அலைந்தது. அதுவும் படகுகளை உரச ஆரம்பித்திருந்தது. ஆனால் இங்கே ஆட்களை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். பிடித்து, வலைக்கூண்டில் வைத்துத் தேற்றி, அந்த ஜூலையில் ஜான்ஸ்டோன் நீரிணையை ஒட்டிய ஹான்ஸன் தீவுக்குக் கொண்டுபோய், உறவுக்கூட்டத்தின் குரல் கேட்கும் இடத்தில் விட்டார்கள். சேர்ந்துகொண்டது. 2013-இல் அது தன் குட்டியோடு காணப்பட்டது. இரண்டு குட்டிகளுக்கும் கிடைத்த அன்பில் குறைவில்லை; ஒன்றுக்கு மட்டும்தான் தூரமும் கிடைத்தது.

இன்னும் பின்னால் போனால் ஓர்கா ஆய்வாளர் மைக்கேல் பிக். 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் இந்தக் கரையில் ஓர்காக்களை வலைபோட்டுப் பிடித்துக் காட்சிசாலைகளுக்கு விற்றார்கள். 1970 ஆகஸ்ட்டில் வாஷிங்டனின் பென் கோவ் என்ற இடத்தில் நடந்த வேட்டையில் ஏழு ஓர்காக்கள் விற்பனைக்குப் போயின. குட்டிகள் உள்பட ஐந்து வலையில் மூழ்கிச் செத்தன. கடலில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே என்பதுதான் சாக்கு. பிக் 1971-இல் மீனவர்களுக்கும் கலங்கரை விளக்கக் காவலர்களுக்கும் கரையோரவாசிகளுக்கும் படிவம் கொடுத்து, ஒரே நாளில் கண்ணில்பட்டதை எண்ணிச் சொல்லச் சொன்னார். சில நூறு மட்டுமே தேறின. பிறகு முதுகுத் துடுப்பின் வடுவையும் அதன் பின்னாலுள்ள சாம்பல் திட்டையும் புகைப்படத்தில் ஒப்பிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். பிடிப்பு நின்றதற்கு இந்தக் கணக்கு பெரிய காரணம். யாரும் கயாக்கிலிருந்து கையை நீட்டித் தொட்டதால் நிற்கவில்லை.

ஓர்கா கயாக்கைக் கவிழ்த்துவிடாதா என்று கேட்பவர்களும் உண்டு. 2020 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல் கரையில் பாய்மரப் படகுகளின் சுக்கானை உடைக்கும் செய்திகளைப் படித்துவிட்டுக் கேட்கிறார்கள். அது வேறு கடல், வேறு கூட்டம். கடலில் திரியும் ஓர்கா மனிதரைக் கொன்றதாகப் பதிவே இல்லை. பயப்பட வேண்டியது தண்ணீருக்கு. திட்டம் போடுவதில் நடக்கும் பெரிய கோளாறும் இங்கேதான் தொடங்குகிறது: திமிங்கிலத்தை நடுவில் வைத்துவிட்டு, கடலை அதன் பின்னணியாக நினைக்கிறார்கள்.

ஜான்ஸ்டோன் நீரிணையில் கோடையிலும் தண்ணீர் பத்து டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். விழுந்த முதல் நிமிடத்தில் மூச்சு திணறும், சில நிமிடங்களில் விரல் மடங்காது. நல்ல வெயில் அடிக்கும் நாளில்தான் பிற்பகலில் வடமேற்குக் காற்று சீறும். வெயிலைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆகஸ்ட் காலைகளில் மூடுபனி எதிர்க்கரையை விழுங்கிவிடும், அதற்குள்ளேயே அலாஸ்கா போகும் உல்லாசக் கப்பல்களும் மரம் இழுக்கும் படகுகளும் வரும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று கிலோமீட்டர் அகலத்தைக் கடக்க வேண்டும், உங்கள் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். முப்பத்தாறு நிமிடம் ஆகும். குறுக்கே இரண்டு நாட் நீரோட்டம் இருந்தால் அந்த நேரத்துக்குள் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுத்துப் போயிருக்கும். நினைத்த இடத்தில் கரையேற முடியாது. நடுவழியில் 'அதோ ஓர்கா!' என்று யாரோ கத்தி, எல்லோரும் துடுப்பை வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தால் கணக்கு இன்னும் மோசமாகும். நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக மோதும் வேளை என்றால் சொல்லவே வேண்டாம்.

ஆகவே திட்டம் ஓதப் பட்டியலில் தொடங்க வேண்டும். தண்ணீர் எப்போது திரும்புகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, காலையில் எத்தனை மணிக்குள் கரை சேர வேண்டும், இருட்டுவதற்குள் எந்த முகாம், அங்கே கரடிக்கு எட்டாமல் உணவை எங்கே வைப்பது. குளிர் தாங்கும் உடை, எட்டும் இடத்தில் விஎச்எஃப் ரேடியோ, கவிழ்ந்தால் துணைக் கயாக்கைப் பிடித்து மறுபடி ஏறும் பயிற்சி. ஓர்காவின் பெயர் இந்தப் பட்டியலின் கடைசி வரியில் இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

ஏனென்றால் அது வருவதும் வராததும் சால்மன் கையில் இருக்கிறது. சான் ஹுவான் தீவுகளைச் சுற்றி ஒருகாலத்தில் கோடையில் அன்றாடம்போல் தென்பட்ட தெற்கத்தியக் கூட்டம், சினூக் வரத்து குறைந்த பிறகு எப்போதாவது வந்து போகும் விருந்தாளியாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் இன்று மிஞ்சியிருப்பவை எழுபத்தைந்தைச் சுற்றித்தான். 2018-இல் இறந்த குட்டியைப் பதினேழு நாள் தலையில் தாங்கி நீந்திய தலெக்வா இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரு வேளை இரை தவறுவதுகூட அவற்றுக்குச் சிறிய விஷயம் இல்லை.

கயாக்கே எடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுங்கள், நீரிணைக்காக எடுங்கள், தேவதாரு இறங்கி வரும் கரைக்காக, அதிகாலைத் தண்ணீருக்காக எடுங்கள். அப்போது ஓர்கா தானாக வந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: போகும் வழியிலிருந்து விலகிக் கரையோரம் ஒதுங்குங்கள், கயாக்குகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளுங்கள், கடற்பாசித் தண்டு கைக்குக் கிடைத்தால் பற்றிக்கொள்ளுங்கள், துடுப்பை மடியில் வையுங்கள், அவை கடந்துபோகும்வரை அசையாதீர்கள், கடந்ததும் பின்னால் போகாதீர்கள். அவற்றைப் பார்ப்பதே நோக்கம் என்றால் கரைக்குப் போங்கள்.

நிறுவனத்தில் பணம் கட்டுவதற்கு முன் அந்த ஆண்டின் தூர விதி என்ன என்று கேளுங்கள். ஓர்கா அருகில் வந்தால் வழிகாட்டி என்ன செய்வார் என்று கேளுங்கள். காற்று எவ்வளவு எழும்பினால் பயணத்தை ரத்து செய்வார்கள் என்று கேளுங்கள். 'ஓர்கா தென்படாவிட்டால் பணம் வாபஸ்' என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்திடம் இதில் எதையும் கேட்க வேண்டாம். அவர்களுடைய வழிகாட்டி உங்கள் பணத்துக்காகத் திமிங்கிலத்தைத் துரத்தியே ஆக வேண்டும். அங்கே பதிவு செய்யாதீர்கள்.